ஃபார்மட் போடுவதற்கு முன்

(நமது பழைய மாணவர் சங்க மறுசந்திப்பு விழாவின் முற்பகல் அமர்வில், இயற்பியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது. - மலர்க் குழு)



செயலாளர் போன வாரம் போன் போட்டு, "இருபது நிமிஷம் பேசணும்யா, எல்லாருக்கும் உபயோகமா இருக்கணும், அரசியல் வேண்டாம்" என்றார். எனக்கு முன்னால் பேசிய டாக்டர் நண்பர் முழங்கால் தேய்மானத்தைப் பற்றி அருமையாகச் சொல்லிவிட்டார். முழங்காலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது வலிக்கும் என்பது மட்டும்தான். முப்பது வருஷத்துக்கு மேலாக நான் பார்த்த தொழில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது. ஆகவே நம் வீடுகளில் இப்போது அடிக்கடி நடக்கிற ஒரு சங்கதியைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். பழைய லேப்டாப்பில் ஏதோ ஒரு சாஃப்ட்வேரைப் போடுகிறோம். அதற்குப் பிறகு அது எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. என்ன செய்வது? அதைவிட முக்கியமாக, எதைச் செய்யாமல் இருப்பது?

இங்கே இருப்பவர்களில் பழைய லேப்டாப் ஒன்று வீட்டில் கிடக்காதவர்கள் எத்தனை பேர்? கை தூக்குங்கள் பார்க்கலாம். மூன்று கை. சரி. மற்றவர்கள் வீட்டில் அது எப்படி வந்தது என்பதும் எனக்குத் தெரியும். மகன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கி, வேறு ஒன்று வாங்கியதும் "இதை அப்பா வச்சுக்கட்டும்" என்று விட்டுப் போனது. அல்லது 2011-இல் தமிழக அரசு ஆரம்பித்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்து, படிப்பு முடிந்ததும் பீரோ மேலே ஏறியது. இயந்திரம் பழசுதான். ஆனால் அதற்குள் கல்யாண போட்டோ இருக்கும், நிலப் பத்திரத்தின் ஸ்கேன் இருக்கும், காலமான அம்மாவின் குரலைப் பதிவு செய்த ஃபைல் ஒன்று இருக்கும். இன்றைய விலைக்கு அந்த லேப்டாப்பை விற்றால் இரண்டு வேளை ஓட்டல் சாப்பாட்டுக்குத்தான் வரும். உள்ளே இருப்பதற்கு விலை கிடையாது.

கடைக்குக் கொண்டுபோனால் முதலில் காதில் விழுகிற வார்த்தை "ஃபார்மட்". "சார், ஃபார்மட் போட்டுடலாம் சார், புதுசு மாதிரி ஆயிடும்." அந்தத் தம்பிகளை நான் குறை சொல்ல மாட்டேன். ஃபார்மட் போட்டு விண்டோஸ் ஏற்ற இரண்டு மணி நேரம். நோய் என்ன என்று கண்டுபிடிக்க சில சமயம் இரண்டு நாள். வாங்குகிற கூலி இரண்டுக்கும் ஒன்றுதான். அவன் நிலையில் இருந்தால் யாரும் ஃபார்மட்தான் போடுவார்கள். ஆகவே பொறுமையாகப் பார்க்க வேண்டிய கடமை சொந்தக்காரரிடம் வந்து சேர்கிறது.

முதலில் "கிராஷ்" என்ற ஒரே சொல்லுக்குள் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். நீலத் திரை வந்து வெள்ளை எழுத்தில் ஏதோ சொல்லிவிட்டு ரீஸ்டார்ட் ஆவது ஒன்று. கம்பெனிச் சின்னம் வந்து அங்கேயே நின்றுவிடுவது இன்னொன்று. எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒரு வார்த்தை சொல்லாமல் பொட்டென்று அணைந்துபோவது மூன்றாவது. இந்த மூன்றாவது பெரும்பாலும் சாஃப்ட்வேர் சமாசாரமே அல்ல. சூடு, அல்லது மின்சாரம். ஆகவே யாருக்காவது போன் பண்ணும்போது "சார், லேப்டாப் போச்சு" என்று சொல்லாதீர்கள். என்ன தெரிந்தது, எப்போது தெரிந்தது, அதற்கு முன் கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள். நீலத் திரை வந்தால் அதைச் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில சமயம் அதில் 'எஸ்.ஒய்.எஸ்.' என்று முடியும் ஒரு பெயர் இருக்கும். குற்றவாளியின் பெயரையே அது சொல்லிவிட்டுப் போகிறது. நாம்தான் பயந்துபோய்ப் படிப்பதில்லை.

நம் இயற்பியல் லேப் ஞாபகம் இருக்கிறதா? மீட்டர் பிரிட்ஜ் வைத்துக்கொண்டு, கால்வனாமீட்டர் முள் நடுவுக்கு வராமல் நாம் எல்லாக் கம்பியையும் ஒரே நேரத்தில் பிடுங்குவோம். சார் பின்னால் வந்து நின்று, "ஒண்ணை மாத்து. மத்ததைத் தொடாதே. என்ன ஆகுதுன்னு பாரு. அப்புறம் அடுத்தது" என்பார். என் தொழிலில் நான் சாப்பிட்ட சோறு பூராவும் அந்த ஒரு வாக்கியத்தில் வந்தது. அவரும் இங்கேதான் இருக்கிறார். (கைதட்டல்)

ஒரு சாஃப்ட்வேர் போட்டதற்காக மொத்த இயந்திரமும் ஏன் விழ வேண்டும்? நியாயமான கேள்வி. நம் ஹாஸ்டல் மெஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட வருகிற மாணவன் ஒருவன் மயக்கம் போட்டு விழுந்தால் அவனைத் தூக்கி வெளியே படுக்க வைத்துவிட்டுப் பந்தி தொடரும். ஆனால் சமையல் கட்டுக்குள் விடப்பட்டவன் ரசம் கொதிக்கிற அண்டாவைக் கவிழ்த்துவிட்டால்? மெஸ்ஸே மூடியாக வேண்டும். கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். வேர்ட், பிரவுசர், பாட்டு கேட்கிற புரோகிராம் எல்லாம் பந்தியில் உட்காருகிறவை. அவை விழுந்தால் அவை மட்டும்தான் விழும். டிரைவர், ஆன்டிவைரஸ் போன்றவை சமையல் கட்டுக்குள் நுழைய அனுமதி வாங்கியவை. அவற்றில் ஒன்று தப்புப் பண்ணினால், மேற்கொண்டு ஓடினால் உங்கள் தகவல் கெட்டுவிடும் என்று விண்டோஸ் தானே எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது. நீலத் திரை என்பது சாவு அறிவிப்பு அல்ல, மெஸ் மூடியதற்கான நோட்டீஸ்.

இது நம் பழைய லேப்டாப்புக்கு மட்டும் வருகிற வியாதி என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் தன் சாஃப்ட்வேருக்கு ஒரு சின்ன அப்டேட் அனுப்பியது. அது படிக்க வேண்டிய படிவத்தில் 21 கட்டங்கள். கையில் கொடுக்கப்பட்ட விவரம் 20 கட்டத்துக்குத்தான். இல்லாத இருபத்தொன்றாவதைப் படிக்கப் போய் அது விழுந்தது. சமையல் கட்டுக்குள் இருந்த ஆசாமியாதலால் விண்டோஸையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தது. ஒன்றேகால் மணி நேரத்தில் அவர்கள் திருத்திவிட்டார்கள். அதற்குள் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. விமானங்கள் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்த படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அதற்கு மருந்து என்ன கொடுத்தார்கள் தெரியுமா? எந்த ஃபார்மட்டும் இல்லை. சேஃப் மோடில் திற, அந்த ஒரு ஃபைலை அழி, திரும்ப ஆன் பண்ணு. அவ்வளவுதான். பெரிய பெரிய வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் செய்த அதே வைத்தியம்தான் நம் வீட்டு லேப்டாப்புக்கும். 'கடைசியாக உள்ளே வந்தவனை முதலில் வெளியே அனுப்பு.'

இப்போது ஒரு கதை. நம் தமிழ்த்துறை நண்பர் ஒருவர், கோவில்பட்டிப் பக்கம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயரைச் சொல்லக் கூடாது என்று காலையிலேயே கேட்டுக்கொண்டார். இங்கே மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருப்பவர் அவர் இல்லை என்று வைத்துக்கொள்வோம். (சிரிப்பு)

அவர் 2004-இலிருந்து கரிசல் காட்டுச் சொற்களைச் சேர்த்துக்கொண்டு வந்தார். கி. ராஜநாராயணன் அந்த வட்டாரத்துக்கு அகராதியே தொகுத்தவர். நம்மவர் அதில் இல்லாததாகத் தன் காதில் விழுந்ததை எழுதினார். டீக்கடையில், கம்மாய்க் கரையில், இழவு வீட்டில். மழையின் பெயர்கள் மட்டும் இரண்டு பக்கம். ஆரம்பத்தில் நோட்டில் எழுதி, பிறகு தாமே இரண்டு விரலால் டைப் அடித்து, 2012-இல் வாங்கிய ஒரு லேப்டாப்பில் ஏற்றி வைத்திருந்தார். டைப் அடித்து முடித்த நோட்டுகளை மழை பெய்த ஒரு வருஷம் கரையான் முடித்துவிட்டது. ஆக, இருந்தது அந்த ஒரே இடத்தில்.

போன வருஷம் கோடை லீவில் பேரன் வந்திருக்கிறான். "தாத்தா, இது ரொம்ப ஸ்லோவா இருக்கு, நான் சரி பண்றேன்" என்று இலவசமாகக் கிடைத்த ஒரு ஆன்டிவைரஸைப் போட்டிருக்கிறான். ஏற்கெனவே உள்ளே ஒன்று இருந்தது. ஒரு உறையில் இரண்டு கத்தி என்பார்களே, அதேதான். வருகிற ஒவ்வொரு ஃபைலையும் நான்தான் முதலில் சோதிப்பேன் என்று இரண்டும் வாசலில் நின்று மறித்துக்கொள்ளும். ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரை. திரும்பவும் நீலத் திரை. ஒரு கடைக்குக் கொண்டுபோனார். "போர்டு போயிருக்கும் சார். இல்லேன்னா ஃபார்மட்தான். டேட்டா போயிடும், பரவாயில்லையா?"

எனக்குப் போன் வந்தது. "பரவாயில்லையான்னு கேட்கிறாண்டா" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

"ஆஃப் பண்ணி வை. நான் வர்ற வரைக்கும் ஆன் பண்ணாதே. பேரனையும் திட்டாதே" என்று சொல்லிவிட்டு மறுநாள் பஸ் ஏறினேன்.

போனதும் நான் ரிப்பேரில் கை வைக்கவில்லை. இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முதல் வேலை உள்ளே இருப்பதை வெளியே எடுப்பது. லினக்ஸ் மின்ட் என்று ஒரு இலவச இயங்குதளம் இருக்கிறது. நம் சென்னை சி-டாக் நிறுவனத்தார் செய்த பாஸ் லினக்ஸும் உண்டு. இதை ஒரு பென்டிரைவில் ஏற்றி வைத்துக்கொண்டால் லேப்டாப்பை அந்தப் பென்டிரைவிலிருந்தே ஆன் பண்ணலாம். உள்ளே இருக்கிற விண்டோஸ் செத்துக் கிடந்தாலும் கவலையில்லை. வீட்டுக்காரர் கதவைத் திறக்காவிட்டால் பக்கத்து வீட்டு மாடி வழியாக இறங்கி நகைப் பெட்டியை எடுத்து வருவது மாதிரி. ஹார்ட் டிஸ்க் தெரிந்தது. எதையும் அழிக்காமல், எதையும் எழுதாமல், படிக்க மட்டும் செய்து, இரண்டு வெவ்வேறு இடத்தில் நகல் எடுத்தேன். காலை பதினொரு மணிக்கு ஆரம்பித்தது சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் முடிந்தது. ஏனென்றால் டிஸ்க்கும் வயசாளிதான். சோதித்ததில் படிக்க முடியாமல் தவிக்கிற இடங்கள் சில இருப்பதாக அதுவே ஒப்புக்கொண்டது. இந்த நிலையில் இருக்கிற டிஸ்க்கில் சிலர் எடுத்தவுடனே 'செக் டிஸ்க்' ஓட்டுவார்கள். ஓட்டக் கூடாது. மூச்சு வாங்குகிற ஆளை மலை ஏறச் சொல்வதுபோல் ஆகும். நகல் எடுத்த பிறகு என்ன வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளுங்கள்.

நகல் எடுக்கும்போது அவருடைய டாக்குமென்ட் ஃபோல்டரோடு இன்னொன்றையும் எடுத்தேன். விண்டோஸுக்குள் 'ஃபான்ட்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை முழுசாக எடுத்தேன். "அது எதுக்குடா? என் எழுத்தெல்லாம் இதிலதானே இருக்கு" என்றார். சாயங்காலம் மருமகளின் புது லேப்டாப்பில் அந்தச் சொற்கோவையைத் திறந்து காட்டினேன். திரை முழுக்க ஆங்கில எழுத்தும், தலையில் கொம்பும் காலில் வாலும் முளைத்த ஏதேதோ குறிகளும். மனுஷன் முகம் கறுத்துவிட்டது. இருபது வருஷ உழைப்பு ஆள் மாறிப்போய் நிற்கிறதே!

தமிழில் டைப் அடித்த நம் தலைமுறைக்காரர்கள் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். யூனிகோடு பரவுவதற்கு முன்பு, ஆங்கில எழுத்துகளுக்கென்று இருந்த நாற்காலிகளில்தான் தமிழ் எழுத்துகளை உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு ஃபான்ட் தயாரிப்பாளரும் தன் இஷ்டத்துக்கு உட்கார வைத்தார். ஒருவர் 'க' வைத்த இடத்தில் இன்னொருவர் 'ழ' வைத்திருப்பார். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்று தரம் வகுத்து, விசைப்பலகைக்கும் ஒரு தரம் சொன்னார்கள். இருந்தாலும் அச்சகத்திலும் வீட்டிலும் பழைய ஃபான்ட்டுகள் பல வருஷம் ஓடின. யூனிகோடில் தமிழுக்கு 1991-இலேயே இடம் கிடைத்திருந்தது. தமிழக அரசு அதை ஏற்றுக்கொண்டது 2010-இல். ஆகவே 2010-க்கு முன்னால் அடித்த தமிழ் ஃபைல் உங்களிடம் இருந்தால், அதன் எழுத்து ஃபைலில் பாதி, ஃபான்ட்டில் பாதி. ஃபைலை மட்டும் காப்பாற்றினால் பூட்டிய பெட்டியைக் காப்பாற்றின மாதிரி. சாவி அந்த 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரில் இருக்கிறது. ஃபார்மட் போட்டால் முதலில் போவது அதுதான். கடைக்காரத் தம்பி நல்ல மனசோடு "டாக்குமென்ட்ஸ் எல்லாம் பேக்கப் எடுத்துட்டேன் சார்" என்பான். ஃபான்ட்டை அவன் எடுத்திருக்க மாட்டான். அவன் பிறந்தபோதே யூனிகோடு வந்துவிட்டது, அவனுக்கு எப்படித் தெரியும்?

நாங்கள் அந்த ஃபான்ட்டை மருமகளின் லேப்டாப்பில் ஏற்றினோம். ஃபைலைத் திரும்பத் திறந்தபோது 'தூத்தல்' என்று முதல் வரி தமிழில் வந்து நின்றது. நண்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். வியர்வை என்றார். பிறகு என்.எச்.எம். கன்வர்டர் என்ற இலவசச் செயலி மூலம் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றினோம். மாற்றினால் மட்டும் போதாது, உட்கார்ந்து படிக்கவும் வேண்டும். பழைய ஃபான்ட்டில் ஒற்றைக் கொம்பை முதலில் அடித்துப் பிறகு மெய்யை அடிப்போம்; யூனிகோடில் அது பின்னால் உட்காரும். அங்கங்கே கொம்பு ஒரு எழுத்துத் தள்ளிப் போய் ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஆங்கிலத்தில் அடித்த ஊர்ப் பெயர்கள் தமிழ்க் கந்தலாக மாறியிருக்கும். மருமகளும் மாமனாருமாக இரண்டு மாதம் திருத்தினார்கள்.

சரி, லேப்டாப் கதைக்கு வருவோம். நகல் பத்திரமாக வெளியே வந்த பிறகுதான் ரிப்பேர். ஆன் பண்ணியதும் எஃப்8 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால், விண்டோஸ் 7 வரை உள்ள இயந்திரங்களில் ஒரு பட்டியல் வரும். நீலத் திரை கண் இமைக்கும் நேரத்தில் மறைந்தால், தானே ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்துகிற வழியும் அந்தப் பட்டியலிலேயே உண்டு. அதில் சேஃப் மோடைத் தேர்ந்தெடுத்தேன். எழுந்து உட்கார்ந்தது. சேஃப் மோடு என்பது சமையல் கட்டில் அவசியமான இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டு மெஸ் நடத்துவது. அதில் நன்றாக ஓடுகிறது என்றால் போர்டு போகவில்லை, புதிதாக வந்த யாரோதான் கலகக்காரர் என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம்.

விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்களுக்கு எஃப்8 பலிக்காது. சின்னம் வரும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று முறை அப்படிச் செய்தால் அதுவே 'எனக்கு உடம்பு சரியில்லை' என்று புரிந்துகொண்டு ஒரு ரிப்பேர் திரையைக் காட்டும். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், பிறகு ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போனால் சேஃப் மோடு கிடைக்கும். விண்டோஸ் அப்டேட்டே காரணம் என்றால் கடைசி அப்டேட்டை நீக்கும் வழியும் அங்கேயே இருக்கிறது. ஒரு விஷயம். புது இயந்திரங்களில் பல, டிஸ்க்கையே பூட்டி வைத்திருக்கும். பிட்லாக்கர் என்பார்கள். அந்த நேரத்தில் 48 இலக்கச் சாவி ஒன்றைக் கேட்கும். அது பொதுவாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தது யார், பாஸ்வேர்டு என்ன என்று இன்றைக்கே பிள்ளைகளிடம் கேட்டு எழுதி வையுங்கள். பூட்டப்பட்ட டிஸ்க்கில் என் பென்டிரைவ் வைத்தியமும் அந்தச் சாவி இல்லாமல் பலிக்காது.

நண்பர் வீட்டில் சேஃப் மோடில் அந்த ஆன்டிவைரஸை நீக்கப் பார்த்தேன். "இப்போது முடியாது" என்றது. பயப்பட வேண்டாம், சேஃப் மோடில் விண்டோஸின் இன்ஸ்டாலர் வழக்கமாக வேலை செய்யாது. பல ஆன்டிவைரஸ் கம்பெனிகள் தங்கள் சரக்கை வேரோடு பிடுங்குவதற்கென்றே ஒரு தனி புரோகிராம் கொடுக்கின்றன. அதைத் தேடுவதற்கு முன் சிஸ்டம் ரெஸ்டோரைப் பார்த்தேன். பேரன் அதைப் போட்ட அதே நாளில், போடுவதற்குச் சற்று முன்பாக, விண்டோஸ் தானே ஒரு தடயம் வைத்திருந்தது. அந்த நிலைக்குத் திருப்பினேன். ரெஸ்டோர் நாம் எழுதிய கட்டுரையைத் தொடாது, போட்டோவைத் தொடாது. புரோகிராம்களையும் டிரைவர்களையும் மட்டும் பின்னோக்கி இழுக்கும். ரீஸ்டார்ட் ஆனது. பழைய முகப்புப் படம் வந்தது.

எல்லோரும் காப்பி சாப்பிட்டோம். நாற்பது நிமிஷம் கழித்து, பொட்டென்று அணைந்துவிட்டது.

பேரன் அழாத குறை. "நான் இப்ப ஒண்ணுமே தொடலை தாத்தா!" அவன் சொன்னது உண்மை. நீலத் திரை இல்லை, எந்த வார்த்தையும் இல்லை. முதலில் சொன்னேனே, மூன்றாவது வகை. அடிப்பாகத்தைத் தொட்டால் தோசைக்கல். திருப்பிக் கழற்றினேன். பக்கத்திலேயே நூல் மில். பத்து வருஷத்துப் பஞ்சுத் தூசி ஃபேனுக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவில் மெத்தை தைத்து வைத்திருந்தது. போதாக்குறைக்கு நம்மவர் கட்டிலில் மெத்தை மேல் வைத்துத்தான் எழுதுவார். பிரஷ் போட்டுத் தட்டினேன், பிராசஸர் மேல் காய்ந்து பொருக்காகிப் போன பசையைச் சுரண்டிவிட்டுப் புதுப் பசை தடவினேன். அதற்குப் பிறகு அணையவில்லை.

ஏன் அதே வாரத்தில் இதுவும் வெளிப்பட்டது என்று கேட்பீர்கள். ஒரு சாஃப்ட்வேரை ஏற்றும்போது, அதுவும் ஆன்டிவைரஸ் முழுச் சோதனை செய்யும்போது, பிராசஸர் மணிக்கணக்கில் மூச்சு முட்ட ஓடுகிறது. ஹார்ட் டிஸ்க்கில் வருஷக்கணக்காகத் தொடாத இடத்தையெல்லாம் தொடுகிறது. ராமின் மேல்மாடி வரை நிரம்புகிறது. ஏற்கெனவே இருந்த பலவீனம் அன்றைக்குத்தான் வெளியே வருகிறது. கல்யாண வீட்டில் ஓடியாடி வேலை பார்த்த அன்றைக்குத்தான் சர்க்கரை இருப்பது தெரிந்தது என்பார்களே. ஆகவே சாஃப்ட்வேரை நீக்கியும் நிற்காவிட்டால், ராமைப் பாருங்கள். விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் என்று ஒரு சோதனை இருக்கிறது. ராத்திரி போட்டுவிட்டுப் படுத்துவிடலாம். ராமைக் கழற்றி அதன் தங்க நிறப் பல்லைப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மாட்டினால் தீர்ந்துபோகிற கேஸ்கள் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கழற்றும் முன் சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிட வேண்டும். தேதி ஒவ்வொரு முறையும் பழைய வருஷத்துக்குப் போனால், உள்ளே ரூபாய்க் காசு மாதிரி ஒரு பட்டன் பேட்டரி இருக்கிறது, அதை மாற்ற வேண்டும். தேதி தப்பாக இருந்தால் வங்கி வெப்சைட் எதுவும் திறக்காது. அதை வைரஸ் என்று நினைத்து நாலு சாஃப்ட்வேர் போட்டவர்களும் உண்டு.

ஒன்றில் மட்டும் விளையாட்டு வேண்டாம். மவுஸ் பட்டை மேலே உப்பியிருந்தாலோ, லேப்டாப் மேசையில் சமமாக உட்காராமல் ஆடினாலோ, பேட்டரி வீங்கியிருக்கிறது. அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள், குத்தவோ அமுக்கவோ வேண்டாம். தெரிந்தவரிடம் கொடுத்துக் கழற்றுங்கள். தீப்பிடிக்கும்.

கடைசியாக, புதிதாக எதையும் போடுவதற்கு முன் பார்க்க வேண்டியது. சி டிரைவில் இடம் இருக்கிறதா? விண்டோஸ் 32 பிட்டா, 64 பிட்டா? 64-இல் 32 பிட் டிரைவர் ஏறாது. பழைய தமிழ் விசைப்பலகை புரோகிராம்கள் பல புது இயந்திரத்தில் முரண்டு பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். டிரைவர் வேண்டுமானால் லேப்டாப் கம்பெனியின் சொந்தப் பக்கத்தில் மாடல் எண் பார்த்து எடுங்கள். 'உங்கள் டிரைவர்கள் பழசு, ஒரே கிளிக்கில் புதுப்பிக்கிறோம்' என்று கூவுகிற இலவசச் சரக்குகளைக் கிட்டேயே சேர்க்காதீர்கள். சிஸ்டம் ரெஸ்டோர் ஆன் ஆகி இருக்கிறதா என்று பாருங்கள், விண்டோஸ் 10-க்குப் பிறகு பல இயந்திரங்களில் அது அணைந்தே வருகிறது.

விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-லும் மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 7-க்குக் கூகுள் குரோம் 2023-இலேயே நின்றுவிட்டது. விண்டோஸ் 11 பழைய பிராசஸர்களை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. குறுக்கு வழியில் ஏற்றுகிறார்கள், நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பழைய இயந்திரத்தில் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, லினக்ஸ் மின்ட் ஏற்றினால், கடிதம் எழுத, யூடியூபில் கச்சேரி கேட்க, பேரப்பிள்ளைகளோடு பேச அது இன்னும் சில வருஷம் தாராளமாக ஓடும். நண்பருடைய லேப்டாப் விண்டோஸ் 7-லேயே இருக்கிறது. அதில் இன்டர்நெட் கிடையாது, எழுத்து வேலை மட்டும். சொற்கோவை இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது. அச்சுக்குக் கொடுக்க மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருக்கிறார், 'ம' வரிசை வந்திருக்கிறாராம்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். காலையில் நான்கு பேர் தங்கள் லேப்டாப்பைப் பையில் கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பழைய கெமிஸ்ட்ரி லேப் வராந்தாவில் ஒரு மேசை போட்டுக்கொண்டு உட்காருகிறேன். லினக்ஸ் பென்டிரைவ் இரண்டு வைத்திருக்கிறேன். நகல் எடுக்க வெளி டிஸ்க் நீங்கள் கொண்டுவர வேண்டும். சார்ஜரையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.